சுவருக்குள் போன குழாய்

ஆகஸ்ட் 4, திங்கள்

என் வீட்டுக் கழிவுநீர்க் குழாயை என்னைக் கேட்காமல் பிடுங்கிச் சுவருக்குள் புதைத்துவிட்டார்கள். செய்தது என் மகன் குமரேசன். செய்து கொடுத்தவன் அவன் பிடித்து வந்த காண்ட்ராக்டர். நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காகத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

என் மனைவி சரசாவின் இடுப்பு ஆபரேஷனுக்காக ஜூன் பத்தாம் தேதி திருப்பூருக்குப் போனோம். மகள் சாவித்திரி வீட்டில் தங்கல். நேற்றுத்தான் திரும்பினோம். வண்டியை விட்டு இறங்கியதும் பக்கவாட்டுச் சுவரைப் பார்த்தேன். குழாய் இல்லை. வெண்ணெய் நிறப் பெயின்ட்தான் இருந்தது.

தொண்ணூற்று நான்கில் நானே போட்ட குழாய் அது. இரும்பு வார்க்கும் பவுண்டரியில் ஃபிட்டராக இருந்தேன், பிளம்பிங்கை யாரிடமும் படிக்கவில்லை. புத்தகம் பார்த்தேன், அடுத்தவன் செய்த தப்பைப் பார்த்தேன், கற்றுக்கொண்டேன். குமரேசன் குடும்பம் இருக்கும் மாடியின் குளியலறைத் தண்ணீர் சுவருக்கு வெளியே கிளாம்பில் இறங்கும். ஒவ்வொரு வளைவிலும் கழற்றுகிற மூடி உண்டு. அடைத்தால் மூடியைக் கழற்றிக் கம்பி விட்டால் போதும். முப்பது வருஷத்தில் ஒரு செங்கல்லை உடைத்ததில்லை.

இப்போது அதே குழாய் எங்கள் கீழ் வீட்டுக் குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுச்சுவரில் போகிறதாம். மூடி எங்கே என்று கேட்டேன்.

"கன்சீல்டுங்கப்பா, வெளிய தெரியாது. மூடியெல்லாம் இப்ப யாரும் வெக்கறதில்ல" என்றான் குமரேசன்.

"அடைச்சா?"

"அடைக்காதுங்கப்பா."

அடைக்காத குழாயை இந்த உலகத்தில் எவனும் செய்ததில்லை. காரணம் கேட்டால், பேத்தி கயலைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்களாம், பக்கச் சுவரில் குழாய் தொங்குவது ஆஸ்பத்திரிப் பின்பக்கம் மாதிரி இருக்கிறது என்று காண்ட்ராக்டர் சொன்னானாம். குடலை வயிற்றுக்குள் வைத்துத் தைத்ததுபோல் தைத்துவிட்டு, மேலே பளபளவென்று டைல்ஸ். உள்ளே நாறுவது வெளியே தெரியாமலிருப்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் அழகு.

இனி குமரேசனோடு அவசியத்துக்கு மட்டும் பேச்சு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சரசா குளியலறையில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். காண்ட்ராக்டர் ஆள் வியாழக்கிழமை வந்து மாட்டித் தருவார், எங்கே துளை போடலாம் என்று அவர்களுக்குத்தான் தெரியும் என்று மருமகள் வளர்மதி வந்து சொன்னாள். குமரேசன் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

வியாழக்கிழமை வரைக்கும் இவள் எதைப் பிடித்து எழுந்திருப்பாள்? என் சுவரில் துளை போட எனக்கு எவன் அனுமதி வேண்டும்?

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். கம்பியின் இரு முனைக்கும் இரண்டு தட்டு, தட்டுக்கு மூன்று திருகாணி, ஆறு துளை. டைல்ஸ் ஒன்றுகூடக் கீறவில்லை. எழுபத்திரண்டு வயதில் இப்படித் துளை போடுகிறவன் இந்தத் தெருவில் இருந்தால் வரட்டும். ஐந்தாவது துளையில் மட்டும் டிரில் பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. செங்கல் தூள் வர வேண்டிய இடத்தில் வெள்ளையாக வந்தது. பூச்சில் சுண்ணாம்பை அள்ளிப் போட்டிருக்கிறான் அந்த அயோக்கியன். கலவை என்றால் என்னவென்று தெரியாதவன் கையில் வீட்டைக் கொடுத்தால் இப்படித்தான்.

சரசா பிடித்துப் பார்த்தாள். "நல்லா கெட்டியா இருக்குதுங்" என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

கம்பியில் என் முழு எடையையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

படுக்கையறையில், சரசாவின் கட்டில் தலைமாட்டுச் சுவரில் ஈரம். ஒரு தட்டு அகலம். தொட்டால் பிசுபிசுக்கிறது. விரலை முகர்ந்தேன், சோப்பும் அழுகலும் கலந்த நாற்றம்.

பத்து நாள்தான் ஆகிறது நான் எழுதி வைத்து. பத்தே நாள்.

கட்டிலை மறுபக்கம் நகர்த்தினேன். சரசாவுக்கு ஜன்னல் தெரியவில்லை என்று வருத்தம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஈரம் ஒரு முறம் அளவு. பூஞ்சை பிடித்துப் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்புகிறது. ஒன்றைக் குத்தினேன், பழுப்பு நீர் வழிந்தது. சுவரோரம் மரவட்டைகள். காலையில் பதினாறு எண்ணிக் கூட்டித் தள்ளினேன்.

மாடிக்குப் போய், சுவரைச் சரிசெய்யும்வரை யாரும் மேலே குளிக்கக் கூடாது என்றேன். பின்பக்கம் குழாயடி இருக்கிறது, வாளி இருக்கிறது.

வளர்மதி கையைப் பிசைந்தாள். "மாமா, கலியாணமாகப் போற புள்ள, பக்கத்து ஊட்டு மாடியெல்லாம் பாத்துட்டிருக்க, வெளிய நின்னு குளிக்க முடியுங்களா?"

"அப்ப உங்க மாமியா உங்க அழுக்குத் தண்ணியில படுத்துக் கெடக்கட்டுமா?"

குமரேசன் எழுந்து வந்தான். "அப்பா, எங்க ஒழுகுதுன்னு தெரியாம சத்தம் போடாதீங்க. ஆளை வரச் சொல்லீருக்கறேன். அவங்க ஈச்சனாரிப் பக்கம் வேலைல இருக்கறாங்க."

"சுவத்துக்குள்ள புதைச்சவனுக்கு எங்க ஒழுகுதுன்னு தெரியாது. அதத்தான்டா நானுஞ் சொல்றேன்."

கயல் அறைக்குள்ளிருந்து சிரித்துவிட்டாள். அப்பன் முறைத்ததும் நிறுத்தினாள். அந்த வீட்டில் கொஞ்சம் அறிவு இருப்பது அவளுக்குத்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று நிரூபித்தேன். துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து மாடிக் குளியலறையில் கயலை ஊற்றச் சொன்னேன். கீழே கடிகாரத்தோடு நான் உட்கார்ந்தேன். பதினோராவது நிமிஷம் டைல்ஸ் இடுக்கில் நீலம் கசிந்தது. மாலைக்குள் படுக்கையறைச் சுவரிலும் நீலத் திட்டு.

மேலிருந்து வரும் தண்ணீர்தான். சந்தேகமே இல்லை. குமரேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தான்.

"கம்பிக்குக் கீழதாங்கப்பா மொதல்ல வந்திருக்குது" என்றான்.

தண்ணீருக்கு வழி யார் சொல்லித் தருகிறார்கள்? எந்த இடுக்கு இளகியதோ அதில் வரும். கம்பியின் கீழ்த்தட்டைச் சுற்றி நீல வளையம் இருந்தது உண்மை. தட்டைத் துடைத்துவிட்டேன், கறை பிடிக்கக் கூடாது.

ஆகஸ்ட் 20, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழரைக்குச் சரசா குளியலறையில் வழுக்கிவிட்டாள். நான் சொல்லியும் மாடியில் குளிப்பதை அவர்கள் நிறுத்தவில்லை; கசிந்த சோப்புத் தண்ணீர் தரையில் ஆடைபோல் படிந்திருந்தது. நான் தினமும் பினாயில் போட்டுத் தேய்க்கிறேன், ஆனாலும் படிகிறது. கம்பியைப் பிடித்ததால் முழுதாக விழவில்லை. கம்பி இல்லையென்றால் இடுப்பு போயிருக்கும். இதை எல்லாருக்கும் நினைவுபடுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை, இன்னொரு தடவை விழுந்தால் பொறுப்பில்லை என்றார்கள்.

மத்தியானம் சாவித்திரி காரோடு வந்துவிட்டாள். வாசலிலேயே ஆரம்பித்தாள். "அம்மாவ நான் கூட்டீட்டுப் போறனுங்கப்பா. இந்த நாத்தத்துல மனுசங்க இருக்க முடியுமா? செவுரு காஞ்சு, நான் வந்து பாத்து, அப்பறந்தான் அனுப்புவேன்."

"எத்தன நாளைக்கு?"

"அது உங்க கையில இருக்குது. அண்ணங்கூடப் பேசாம எப்படிச் செவுரு காயும்?"

சரசா காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கினாள். மாத்திரை டப்பாவை மறந்துவிட்டாளோ என்று பக்கத்தில் போனேன்.

"ஏனுங், கோவத்த மட்டும் கொறைங்க" என்றாள்.

நாற்பத்தேழு வருஷத்தில் ஆஸ்பத்திரி நாள்களைத் தவிர நான் இல்லாமல் அவள் எங்கும் தங்கியதில்லை. என்னையும் வரச் சொன்னாள் சாவித்திரி. நான் போனால் இங்கே சுவரை மேலோட்டமாகப் பூசிவிடுவார்கள். போகவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஒரே ஆளுக்கு ஒரு டம்ளர் டீ, பால் பாக்கெட்டில் பாதி மிச்சம். நாற்றம் சமையல்கட்டு வரை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒருவழியாகக் குழாய் புதைத்த ஆள் வந்தான். பெயர் காஜா மைதீன், நாற்பது வயதிருக்கும். கையெடுத்துக் கும்பிட்டான். நான் கும்பிடவில்லை.

சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்து கம்பிக்கு நேராக நின்றான். "இது யாருங்கய்யா மாட்டுனது?"

"ஏன்?"

"சும்மா கேட்டனுங்க. சுத்தமா மாட்டீருக்குது."

"நாந்தான்."

அவன் குமரேசனைப் பார்த்தான். குமரேசன் தரையைப் பார்த்தான். அந்தப் பார்வையெல்லாம் எனக்குப் புரியாமலில்லை.

"இந்தக் கம்பிய ஒருக்காக் கழட்டிப் பாத்துக்கலாங்களா?" என்றான்.

கழற்றக் கூடாது என்றேன். சரசா வந்து பிடிக்க வேண்டிய கம்பி. ஒழுகல் மேலே, மாடித் தளத்துக்குக் கீழே இருக்கும் வளைவில். ஒட்டும் பசையைச் சரியாகத் தடவியிருக்க மாட்டான். அங்கே உடை என்றேன்.

"ஈரம் இடுப்பு ஒசரத்துலதானுங்க ஆரம்பிக்குது. மேல காஞ்சு கெடக்குது பாருங்க."

"உடைப்பா பாய். எனக்குப் பாடம் எடுக்காத."

உடைத்தான். பதினொரு டைல்ஸ். குழாய் தெரிந்தது. வளைவு காய்ந்த எலும்பு மாதிரி இருந்தது, ஒரு துளி ஈரமில்லை. பசை விளிம்பெல்லாம் ஒரே சீராக இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். வேலை தெரிந்தவன். தெரிந்தவன் இப்படி மூடியில்லாமல் புதைத்தது இன்னும் கேவலம்.

அதைச் சொன்னேன். அவன் உளியைக் கீழே வைத்தான்.

"மூடி வெக்கலாம்னு நானும் சொன்னனுங்கய்யா. டைல்ஸ் டிசைன் கெட்டுப்போகும்னு காண்ட்ராக்டர் வேண்டாம்னுட்டாரு. நான் கூலிக்கு வாரவன், அதுக்கு மேல என்ன பேசறது?"

பவுண்டரியில் நானும் கூலிக்காரன்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காஜா மறுபடி வந்தான். உளியைத் தொடாமல் செல்போனை நீட்டினான். பூசுவதற்கு முன் எடுத்த படங்கள். சுவரில் வெட்டிய பள்ளம், அதில் குழாய், குறுக்கே பிடித்த டேப். கதவு நிலையிலிருந்து குழாயின் நடுவுக்கு நாற்பத்திரண்டு அங்குலம்.

"எந்த ஊட்டுல பொதைச்சாலும் டேப் வெச்சுப் படம் எடுத்துருவனுங்க. பின்னால ஆணி அடிக்கறவங்களுக்கு ஆகும். அன்னைக்கே உங்க பையனுக்கு அனுப்பீட்டேன்."

நான் குமரேசனைப் பார்த்தேன். "இத எங்கிட்டக் காட்டோணும்னு தோணலியா உனக்கு?"

"உங்களுக்கும் அனுப்புனனுங்கப்பா. ஜூன் இருபத்தேழு. நீங்க தெறந்தே பாக்கல. போன்ல சொல்லலாம்னு நாலு தடவ கூப்புட்டேன். அம்மாவுக்கு ஆபரேசன், அப்பறம் பேசறேன்னு வெச்சுட்டீங்க."

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாட்ஸ்அப்பைத் திறந்தேன். அவன் அனுப்புவது எப்போதும் ரோஜாப்பூவும் காலை வணக்கமும்தான் என்று ஒரு வருஷமாக நான் திறப்பதில்லை. அறுபது பூக்களைத் தள்ளி மேலே போனதும் இருந்தது. ஆறு படம். கடைசியில் எழுதியிருந்தான்: 'அப்பா, குழாயை உள்ளே மாற்றலாம் என்று பள்ளம் வெட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இப்படிப் போகும். உங்களுக்குச் சரிங்களா? நீங்கள் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன்.' அடுத்த நாள் இன்னொன்று: 'அப்பா, நாளைக்குப் பூசிவிடுவார்கள்.'

படம் அனுப்புவது கேட்பது ஆகாது. எதிரில் நின்று கேட்டால்தான் கேட்டது. கோயமுத்தூரிலிருந்து திருப்பூர் எவ்வளவு தூரம்? ஒரு மணி நேரம்.

நான்காம் தேதி எழுதியதை எடுத்துப் பார்த்தேன். 'என்னைக் கேட்காமல்' என்று முதல் வரியிலேயே இருக்கிறது. அடிக்கவில்லை. எழுதினது எழுதினபடி இருக்கட்டும்.

எல்லாரும் போன பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். அளந்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று வேலை எதுவும் நடக்கவில்லை. காஜாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

குமரேசன் மில்லுக்குப் போய்விட்டான். வளர்மதியும் கயலும் ஜவுளி எடுக்கப் போயிருந்தார்கள். பதினொரு மணிக்குக் கம்பியைக் கழற்றினேன்.

நான்கு திருகாணிகள் வெளியே வரும்போது செங்கல் தூள் உதிர்ந்தது. ஐந்தாவது திருகாணியைச் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், மரை எதிலும் பிடிக்கவில்லை. இழுத்ததும் வந்துவிட்டது. கறுத்து, வழவழவென்று, கயலுடையதோ வளர்மதியுடையதோ நீளமான தலைமுடி ஒன்று சுற்றியிருந்தது. முடியில் சோப்புப் பசை, சாம்பல் நிறச் சளி மாதிரி. துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் என் முழங்கை வரை வழிந்தது. அந்த நாற்றத்தை எழுத முடியாது. மூன்று தடவை கை கழுவினேன். இப்போதும் போகவில்லை.

துளையில் மெல்லிய கம்பி ஒன்றை விட்டுப் பார்த்தேன். ஒன்றேகால் அங்குலத்தில் குழாய்.

ஆக ஐந்தாவது துளையில் வந்தது சுண்ணாம்பில்லை, குழாயின் பிளாஸ்டிக் தூள்.

குழாய் வெளியே இருந்திருந்தால் திருகாணி செங்கல்லில் போயிருக்கும். இது உண்மை, நான் சாகும்வரை உண்மை. ஆனால் டிரில் பொசுக்கென்று இறங்கியபோது நிறுத்தியிருக்க வேண்டும். அது எந்த ஃபிட்டருக்கும் தெரியும். என் கைக்கும் தெரிந்தது.

துளையை ரப்பர் வைத்து அடைத்துப் பசை போட்டுவிடலாம். அரை மணி நேர வேலை. மேலே சிமென்ட், டைல்ஸ் ஒட்டினால் எவனுக்கும் தெரியாது. ஒழுகல் நின்றுவிடும், பழி காஜா தலையிலேயே இருக்கும். பசை டப்பாவைத் திறந்தும் விட்டேன். எனக்குள்ளே ஒருவன் இவ்வளவு சுளுவாக மூடியில்லாமல் புதைக்கத் தயாராக இருந்தது அருவருப்பாக இருந்தது. டப்பாவை மூடினேன்.

சரசாவுக்குப் போன் போட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டாளாம். புடலங்காய்க் கூட்டாம்.

"கம்பியக் கழட்டுனேன்" என்றேன்.

"அந்தக் கம்பிய அழுத்திப் புடிச்சா செவுத்துக்குள்ள ஒரு சத்தம் கேக்குமுங்க" என்றாள். "மேல யாராச்சும் குளிக்கறப்ப. சொளக் சொளக்குன்னு."

"எப்பருந்து?"

"மொத வாரத்துலருந்தே."

"ஏஞ் சொல்லல?"

"சொன்னா நீங்க கோவப்படுவீங்கன்னுதான்."

வழுக்குகிற தரையில், புது இடுப்போடு, ஒழுகுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் பேசாமல் நின்றிருக்கிறாள். விழுவதைவிட என்னிடம் சொல்வதுதான் அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது.

"நீ வந்துரு. நான் அடைச்சர்றேன்" என்றேன்.

"குமரேசங்கிட்டச் சொல்லீட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்களே சொல்லுங்க. நானோ சாவித்திரியோ சொல்லக் கூடாது. நீங்க சொல்லீட்டீங்கன்னு அவன் வாயால கேட்டாத்தான் நான் வண்டி ஏறுவேன்." குரல் உயரவில்லை. அவளுக்குக் குரலை உயர்த்தத் தெரியாது. ஆனால் ஏற மாட்டாள் என்றால் ஏற மாட்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விடிந்து எழுதுகிறேன். செய்ய வேண்டியவை:

குமரேசனிடம் திருகாணியைக் காட்டி, இதைப் போட்டது நான் என்று சொல்வது: நான். இன்று எட்டேகாலுக்குள், அவன் மில்லுக்குக் கிளம்பும் முன். மாடிக்கு நானே ஏறிப் போய், வளர்மதியும் கயலும் இருக்கும்போது.

வளர்மதியிடம் மாடிக் குளியலறையை இரண்டு நாள் விட்டுவைக்கக் கேட்பது: நான். உத்தரவாக இல்லை. அவர்கள் மூவரும் கீழே எங்கள் குளியலறையில் வந்து குளிக்கலாம். குழாயில் மேல்தண்ணீர் இறங்காதவரை கீழே ஒழுகாது.

துளை விழுந்த துண்டை அறுத்துப் புதுத் துண்டு வைப்பது: காஜா. ரப்பர் ஒட்டுப் போடக் கூடாது.

அந்த இடத்தில் கழற்றுகிற மூடியுள்ள துண்டாக வைத்து, அதற்கு நேராகச் சுவரில் ஓரடிக்கு ஓரடி திறப்பும் நான்கு திருகாணியில் கழற்றுகிற பலகையும் போடுவது: காண்ட்ராக்டர் செலவில், காஜா. டிசைன் கெட்டால் கெடட்டும். மூடி வைக்காதது அவன் தப்புதான். அதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

என் பேச்சுக்காக உடைத்த பதினொரு டைல்ஸை வாங்குவது: நான்.

காஜாவைக் கும்பிடுவது: நான்.

கல்யாணம் முடிந்து தை மாதம் குழாயைத் திரும்பச் சுவருக்கு வெளியே கொண்டுவருவது பற்றிப் பேசுவது: குமரேசனும் நானும், எதிரெதிரே உட்கார்ந்து. என் முடிவு மாறாது. அவன் முடிவையும் கேட்பேன்.

பூஞ்சையைச் சுரண்டி, சுவரைக் காயவைத்து, பினாயில் போட்டுக் கழுவுவது: நான் ஒருவனே. கயல் உதவிக்கு வந்தாலும் விடக் கூடாது.

கம்பியைக் கதவு நிலையிலிருந்து இருபது அங்குலத்தில் மாட்டுவது: டிரில் என்னுடையது, பிடிப்பது காஜா. டேப் வைத்துப் படம் எடுப்பது கயல். படத்தை நான் திறந்து பார்ப்பேன்.

கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்புவது: குமரேசன் ஒரு முனை, நான் ஒரு முனை.

திருப்பூருக்குப் போய்ச் சரசாவைக் கூட்டி வருவது: குமரேசனும் நானும், ஒரே காரில்.

வந்த அன்று அவளைக் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, சரியில்லை என்று அவள் என்ன சொன்னாலும் முழுதாகக் கேட்டு முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்பது: நான்.